பெயர் சரியாக எழுதிய கடிதம்

வெள்ளாமைக் காசு வங்கிக்கு வந்த மூன்றாம் நாள்
சுபஹுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில்
போனுக்குள் விழுந்தது அந்த மின்னஞ்சல்.

'மதிப்புக்குரிய நஸ்லிஹா அவர்களே,
தங்கள் கணக்கு இன்று மாலைக்குள் தொங்கவிடப்படும்.
கீழே அழுத்தி உறுதிப்படுத்துக.'

மேலே வங்கியின் சின்னம்.
அதே நீலம், அதே கதிர் வளையம்.
நெஞ்சு
சம்மாந்துறைச் சந்தியில் பிரேக் பிடித்த நெல் லொறியாய்
இழுபட்டு நின்றது.

கணக்கில் கிடந்தது நூற்றெழுபது மூடை.
எண்ணாகத் தெரியாது எனக்கு அந்தக் காசு.
உரக்கடைக் கடன் முப்பது மூடை,
வெட்டுமெசினுக்குப் பதினெட்டு,
மகளின் கம்பஸ் போர்டிங் ஒன்பது,
சென்ற போகம் வெள்ளம் கொண்டுபோனதற்கு
இன்னும் எத்தனையோ.

சிவப்பெழுத்தில் ஒரு மணிக்கூடு
பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.
பெருவிரல் போனது.
போய்,
என் பெயரில் தட்டுப்பட்டு நின்றது.

நஸ்லிஹா.

சரியாக எழுதியிருந்தார்கள்.

பன்னிரண்டு வருசமாய் என் வங்கிக்கு
நான் நஸ்ஹிலா.
புத்தகத்தில் நஸ்ஹிலா, ஏடிஎம் அட்டையில் நஸ்ஹிலா,
பெருநாள் வாழ்த்து எஸ்எம்எஸ்ஸிலும்
நஸ்ஹிலாவுக்குத்தான் ஈத் முபாரக்.
திருத்தச் சொல்லி மூன்றுதரம் படிவம் கொடுத்தேன்.
மூன்றாவதற்கு வந்த பதிலும்
'அன்பின் நஸ்ஹிலா' என்றே தொடங்கியது.

அப்படியென்றால்
என்னை இத்தனை சரியாய் அறிந்த இவன் யார்?

மறுகா ஆறுதலாய்ப் பார்த்தேன்.
அனுப்பியவர் பெயரைத் தொட
உள்ளிருந்து முகவரி எட்டிப் பார்த்தது.
வங்கியின் பெயர்தான், ஓரெழுத்து கூட.
நெல்லுக்குள் கோழிச்சூடன்;
கதிர் தள்ளும்வரை
அதுவும் பச்சைதானே.

தொங்கவிடுவார்களாம்.
கொப்பும் கயிறும் வைத்தா
நடத்துகிறார்கள் வங்கியை?

'அழிச்சிட்டு வேலயப் பாரு' என்றார் இவர்
தலை துவட்டிக்கொண்டே.
'அறக்கொட்டியானக் கண்டா
நம்மட வயலுக்கு மட்டும் மருந்தடிச்சிட்டுப்
படுப்பீங்களா?
அடுத்த வட்டைக்குச் சொல்ல மாட்டீங்களா?'
துவாய் அப்படியே நின்றது.

ஒன்பதரைக்கு வங்கியில் என் துண்டு அறுபத்துநாலு.
கண்ணாடிக்கு அப்பால் யுகாந்தினி,
காரைதீவுப் பிள்ளை.
'காசு போயிட்டா அக்கா?'
'இல்ல.'
'அப்ப?'
'போகாம இருக்கத்தான் வந்த.'

அவள் சிரிக்கவில்லை.
மடலை அழிக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்று
ஒரு முகவரி எழுதித் தந்தாள்.
அனுப்பினேன்.
படிவம் ஒன்று நீட்டினாள்.
'பெயர்: கணக்கில் உள்ளவாறு.'
நஸ்ஹிலா என்று எழுதினேன்,
முதல்தரம் கோபமில்லாமல்.

'பெயர் பிழையா கிடக்கே. இப்பவே திருத்தட்டா?'

வாயெடுக்கவில்லை நான்.
பக்கத்தில் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.
அறுபத்தைந்து.
சேர்ட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.
மல்வத்தையாம். பெயர் கதிர்காமத்தம்பி.
'தங்கச்சி, இதுதானா உங்களுக்கும் வந்த?'

அதே நீலம். அதே வளையம்.
அவர் பெயரும் பிழையில்லாமல்.

'எப்ப அழுத்தின நீங்க?'
'ராத்திரி. கரண்ட் வந்தாப் பிறகு.'
'அவங்க கேட்ட நம்பரும் குடுத்தீங்களா?'
நிலத்தைப் பார்த்தார்.
டைல்ஸில் அவர் செருப்புச் சேறு
இன்னும் ஈரமாய் இருந்தது.

யுகாந்தினி என் படிவத்தை ஒதுக்கினாள்,
தொலைபேசியை எடுத்தாள்.
கொழும்பில் மணி அடித்தது.
அடித்தது.
கண்ணாடியின் இந்தப் பக்கம்
நாங்கள் இரண்டு பேரும்
அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
வாய்க்காலில் தண்ணி வருமா என்று
மதகடியில் நிற்பவர்களைப் போல.

'ஹலோ' என்றாள்.
'உடனே ஒரு கணக்கப் பூட்டணும்.'